கன்னிமூலையில் அண்ணன் கட்டியதும் நான் கட்டியதும்

அண்ணனின் முதல் வருஷத் திதியன்று இந்த நினைவு மலர் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். இருபது நாள் பிந்திவிட்டது. அச்சுக்கூடத்தார் மேல் பழி போட வேண்டாம். அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான்தான் எழுதிக் கொடுக்கவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாம்பலத்தில் எங்கள் தங்கை வீட்டின் கன்னிமூலை, அதாவது தென்மேற்கு மூலை, சரியில்லாமல் இருந்தது. அதை அப்படிக் கட்டியவன் நான். அண்ணனுக்குத் தெரியாமல் கட்டினேன். தங்கை தன் இரண்டு குழந்தைகளையும் அந்த மூலையில்தான் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு அண்ணன் உத்தமர், உழைப்பாளி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"நல்லதா நாலு வார்த்தை எழுதிப் போடு, போதும்" என்று உறவுக்காரர்கள் பல பேர் சொன்னார்கள். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நடந்தபடி எழுதுவேன்.

அண்ணன் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் பிறந்தார். எங்கள் தகப்பனார் கொத்தனார். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சுண்ணாம்பு வேலையில் பேர் எடுத்தவர். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அவர் அரைத்த சுண்ணாம்பைப் பூசினால் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்கள். மாடவீதிகளில் அவர் கை பட்ட சுவர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் ராயப்பேட்டையில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். பதினோராம் நாள் போய்விட்டார். அப்போது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து, தங்கைக்கு நான்கு. மறு வருஷம் அம்மாவும் போய்விட்டார்கள்.

அந்த நாளில் எங்களுக்கு உதவிய சொந்தக்காரர்கள் யார் என்று எனக்குத் தெரியும். உதவாதவர்களையும் தெரியும். இரு சாராருக்கும் இந்த மலர் வரும்.

அண்ணன் தகப்பனாரின் கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். காலையில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து தங்கைக்குத் தலை வாரிவிடுவார். சுண்ணாம்பு தின்ற விரல்களால் அவர் பின்னிவிட்ட பின்னல் ஒரு பக்கம் கோணலாக இருக்கும். அவள் அழுவாள். அவர் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார். நான் எட்டாவது வரை படித்ததும் அவரால்தான். பிறகு நானே படிப்பை விட்டுவிட்டு அவரோடு சாரம் ஏறினேன். தொழிலை எனக்குக் கற்றுக் கொடுத்தது நைனாவின் சுவர்கள் என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. கற்றுக் கொடுத்தவர் அண்ணன்தான்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். வடக்கே ரயில்வே கட்டட வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்தார். ஊர் குவெட்டா, பலுசிஸ்தானத்தில். ரயிலில் ஐந்து நாள் பயணம், குளிர் காலத்தில் தண்ணீர் உறைந்து போகும் என்றெல்லாம் சொன்னார்கள். அண்ணன் அண்ணியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கும் தங்கைக்கும் மாதா மாதம் கடிதம் வரும். தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு முறை வந்து முன்னின்று நடத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தப் பக்கத்தில் அதற்கு முன்பே ஒரு தரம் பூமி ஆடி ரயில்வே கட்டடங்கள் விழுந்திருந்தனவாம். அதனால் புதுக் குடியிருப்பை வேறு மாதிரி கட்டச் சொல்லி ஒரு இஞ்சினீயர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அண்ணன் அதைக் கடிதத்தில் வரைந்து அனுப்பினார். ஒன்றரைச் செங்கல் கனத்துக்குச் சுவர். உள்பக்கக் கல்லுக்கும் வெளிப்பக்கக் கல்லுக்கும் நடுவில், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக, அரைக் கல் அகலத்துக்கு ஒரு குழி விட்டுக்கொண்டே ஏற வேண்டும். அண்ணன் அதைப் 'பை' என்பார். கடைக்காலிலிருந்து கிளம்பும் ஒரு இரும்புக் கம்பி அந்தப் பை வழியாகக் கூரை வரை நிற்கும். இரண்டு வரி கல் வைத்ததும் பையில் சிமிட்டிக் கலவையை ஊற்றிக் குத்தி இறுக்க வேண்டும். பிறகு அடுத்த இரண்டு வரி. இது போக, கடைக்கால் மட்டத்திலும் கதவு ஜன்னலுக்கு மேலேயும் கூரைக்குக் கீழேயும் வீட்டைச் சுற்றி இரும்பும் சிமிட்டியுமாக ஒரு பட்டை.

நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சுவருக்குள் ஓட்டை விட்டுக் கட்டுகிறவன் கொத்தனாரா என்று பதில் எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் வைகாசியில் பூமி ஆடிக் குவெட்டா விழுந்தது. பத்திரிகையில் வந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். இரண்டு மாதம் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. ஆடி மாதம் அண்ணன் தனியாக வந்து இறங்கினார். உடம்பில் பாதி இல்லை. இருமிக்கொண்டே இருந்தார். அண்ணி எங்கே என்று தங்கை கேட்டாள். "அவ போயிட்டா. வூடு வுழுந்துடுச்சி" என்றார். அதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் தெருவில் நடந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவர்களைப் பார்ப்பார். சுவரும் சுவரும் சேரும் மூலையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். கோபுரத்தின் அடியில் போய் வெகு நேரம் நிற்பார். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்காரச் சொன்னபோது, "மேல கீற மதில் எதோடயும் ஒட்டல, நான் வெளியே குந்திக்கிறேன்" என்று இலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சிரித்தீர்கள். பெண்டாட்டி செத்ததில் மூளை கலங்கிவிட்டது என்று என் காது கேட்கவே பேசினீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தவன்தான். ஆகையால் உங்களைத் திட்ட எனக்குப் பாதி யோக்கியதைதான் உண்டு. அந்தப் பாதிக்குத் திட்டுகிறேன்.

மறு வருஷம் எங்கள் மாப்பிள்ளை, தங்கையின் கணவர், மாம்பலத்தில் மனை வாங்கினார். கோர்ட்டுக் குமாஸ்தா. நல்ல மனிதர், அவசரக்காரர். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் அது. ஒரு முழம் தோண்டினால் களிமண், இரண்டு முழம் தோண்டினால் ஈரம். அண்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"மாப்பிள்ளே, இந்த மண்ணு ஆடினா கஞ்சி மாதிரி ஆடும். அங்க கட்டினா மாதிரிதான் இங்கயும் கட்டணும்" என்றார்.

"மெட்ராஸ்ல இன்னாங்க பூகம்பம்? சமுத்திரம்தான் சத்தம் போடும்" என்றார் மாப்பிள்ளை.

"குவெட்டாவுலயும் பஜார்ல அப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க."

தங்கை குறுக்கே வந்தாள். "பெரியண்ணன் எப்பிடி சொல்லுதோ அப்பிடியே கட்டுங்க. நான் குந்தப்போற வூடு" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அண்ணனால் அப்போதே சாரம் ஏற முடியாது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். கீழ்ப்பாதியை அவர் கட்டினார். மேலே ஏறும் வேலைகளையும், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மற்றதையும் நான் பார்த்தேன். முதல் பட்டை ஓடியதும் அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. வீட்டுக்கு அரைஞாண் கட்டுகிற மேஸ்திரி என்று அண்ணனுக்குப் பட்டப் பெயர் வைத்தார்கள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள்கூட, "இன்னா மேஸ்திரி, அரைஞாண் கட்டியாச்சி, காது குத்தறது எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார். "சரியாத்தான் சொல்றாங்கடா. நாலு சுவரும் நாலு ஆளா நின்னா, ஆட்டம் வரும்போது ஒண்ண ஒண்ணு வுட்டுட்டுப் பூடும். கயிறு கட்டிட்டா ஒரே உடம்பு. ஆடினா ஒண்ணா ஆடும்" என்பார்.

எனக்கு அது கேட்கப் பிடிக்கவில்லை. நைனாவின் சுண்ணாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிமிட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று இருந்தது. கடல் தாண்டி வந்த சாம்பலைவிட எங்கள் சுண்ணாம்பு என்ன மட்டம் என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கன்னிமூலையில் பை நிரப்ப வேண்டிய நாள். சித்தாள் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, நான் வீட்டில் அரைத்து எடுத்து வந்திருந்த சுண்ணாம்பைக் கொண்டு வரச் சொன்னேன்.

"சிமிட்டி அங்க கீது. நீ இன்னா சுண்ணாம்பு கேக்குற?" என்றாள்.

"நீ தூக்கினு வா. பேசாத."

"உங்கண்ணன் வந்து கேட்டா?"

"உனக்கு வாய் எதுக்குக் கீது? வெத்தல போடு."

"போட்டுக்கினுதான் கேக்குறேன்" என்றாள். ஆனால் கொண்டு வந்தாள்.

கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்பு, துண்டுக்கல்லோடு சேர்த்து, குத்திக் குத்தி இறுக்கி நிரப்பினேன். நாணயமாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே உள்பக்கம் முதல் பூச்சும் போட்டுவிட்டேன். அந்த மூலையில் மேலே ஏறிய வரிகளுக்கும் பிறகு அதையே போட்டேன்.

பிறகு வந்தது அவசரம். தங்கை மாசமாக இருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் கிரகப்பிரவேசம் செய்யக் கூடாது. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசி. அதற்கப்புறம் பிள்ளை பிறந்து, நாள் பார்த்து, மறு வருஷம்தான். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தினமும் கோர்ட்டிலிருந்து நேராக மனைக்கு வந்து என் தலைமேல் நின்றார். கிழக்கே, கீழண்டைச் சுவரில் பையை நிரப்ப எனக்குப் பொறுமை இல்லை. துண்டுக்கல்லை அள்ளிக் கொட்டி மேலே இரண்டு கரண்டி சிமிட்டி போட்டு மூடிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பையின் குணம் அதுதான்.

மறுநாள் அண்ணன் வந்தார். கரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். அது அவர் வழக்கம். கீழண்டைச் சுவரில் ஓர் இடத்தில் நின்றார். திரும்பத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை. சம்மட்டியை எடுத்தார். மார்பளவு ஏறியிருந்த சுவரை, இருமிக்கொண்டே, ஆட்கள் எல்லோரும் பார்க்க, உடைக்க ஆரம்பித்தார். நாலு அடிக்கு ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். துண்டுக்கல் பொலபொலவென்று கொட்டியது.

"முகூர்த்தத்துக்கு ஒம்போது நாள்தான் கீது" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"ஒம்போது நாள்ல கட்டிடலாம். முகூர்த்தம் தப்பினா அடுத்த முகூர்த்தம் வரும், மாப்பிள்ளே."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வேற எங்கனா இப்பிடிப் பண்ணியாடா?"

"இல்ல" என்றேன். சுண்ணாம்பு வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரண்டியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் தங்கை நடந்தே வந்து கூப்பிட்டாள். போனேன். அந்த இரண்டு நாளில் அண்ணன் ஒருவராகவே அந்தச் சுவரை முழங்காலளவு ஏற்றியிருந்தார். கன்னிமூலையையும் தட்டிப் பார்த்ததாகக் கன்னியம்மா சொன்னாள். இறுக்கி நிரப்பியிருந்ததால் ஓசையில் தெரியவில்லை. முகூர்த்தம் தப்பவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு வருஷம்தான் இருந்தார். தங்கை அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். குவெட்டாவில் இறங்கிய தூசு மார்பிலேயே தங்கிவிட்டது என்றார் டாக்டர். கடைசி நாட்களில் அவருடைய கட்டிலைக் கன்னிமூலையில்தான் போட்டிருந்தோம், காற்று வரும் என்று. மெலிந்த கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு நாள் என்னைக் கேட்டார்.

"இந்த மூலப் பை யார் ரொப்பினது?"

"நான்தாண்ணே."

"சிமிட்டிதான?"

"சிமிட்டிதான்."

"அப்ப சரி. கொழந்தைங்கள இங்கயே படுக்க வைக்கச் சொல்லு. காத்து நல்லா வருது" என்றார். நாலாம் நாள் காலையில் போய்விட்டார். அவர் சொன்னபடியே தங்கை குழந்தைகளை அங்கே படுக்க வைத்தாள்.

கருமாதியன்று ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். குவெட்டாவில் அண்ணனோடு வேலை செய்தவர். சாப்பிட்ட பிறகு என்னைத் தனியாக அழைத்து, "உங்க அண்ணன் சொல்லியிருக்க மாட்டார்னு தெரியும். அதனால நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் கட்டியது ரயில்வேக்காரர்களுக்கான குடியிருப்பு. அவரும் அண்ணியும் குடியிருந்தது பஜாருக்குப் பின்னால் சுடாத பச்சை மண்கல்லில் கட்டிய ஒரு வாடகை வீடு. குடியிருப்பில் சாமான் கொட்டகைக்கு முறை போட்டுக் காவல் இருப்பார்கள். அன்றைக்கு அண்ணனின் முறை. விடிவதற்கு முன் பூமி ஆடியது.

"முப்பது எண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. குடியிருப்புல இருந்தவங்க கதவத் திறந்துக்கிட்டு நடந்து வந்தாங்க. ஒரு வீட்டுல அலமாரி சாஞ்சிருந்தது, ஒரு வீட்டுல பூச்சு விட்டிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பினா ஊரே இல்ல. தூசிதான் நிக்குது. உங்க அண்ணன் ஓடினார். அவர் தெருவ அவரால கண்டுபிடிக்க முடியல. இதுதான் தெருன்னு யூகமா ஒரு இடத்துல தோண்ட ஆரம்பிச்சார். அடுத்தவங்க புள்ளைங்க ரெண்டு மூணு பேர உசுரோட எடுத்தார். உங்க அண்ணிய மூணாம் நாள் எடுத்தோம்."

பிறகு சொன்னார்.

"மறுநாள் காலையில அவரக் காணோம். தேடிப் போனேன். குடியிருப்புல ஒவ்வொரு வீடாப் போய்க் கரண்டியால சுவத்தத் தட்டிக்கிட்டு இருந்தார். புத்தி கெட்டுப்போச்சுன்னு பயந்து கையப் புடிச்சேன். 'எல்லாம் கீதுப்பா. நாம பை ரொப்பின சுவரு ஒண்ணுகூட வுடல. இதையே அங்கயும் போட்டிருந்தா அவளும் இருந்திருப்பா' அப்பிடின்னார். அழவும் இல்ல."

நான் கொத்தனார். இருபது வருஷமாகச் சுவர் கட்டுகிறேன். சுவர் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெற்றவளை நினைத்துப் பார்த்தால் வரும் மலைப்பு, சமுத்திரத்தின் முன்னால் நின்றால் வரும் மலைப்பு, எல்லாம் சேர்ந்து அந்த மனிதர்மேல் வந்தது. மனைவியைப் புதைத்த மறுநாள் ஒருவன் தன் வேலையைப் போய்ச் சோதித்துப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும், அதைச் சுமந்துகொண்டு அத்தனை தூரம் ரயிலேறி வருகிறான், ஒருநாளும் ஆடாத ஊரில் தன் தங்கைக்கு அப்படியே ஒரு வீடு கட்டிக் கொடுக்க. அந்த வீட்டுக்கு நாம் அரைஞாண் என்று பேர் வைத்தோம். நான் அதில் சுண்ணாம்பை ஊற்றினேன். அவர் சாகக் கிடந்தபோது சிமிட்டி என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். தங்கை வீட்டுக்குப் போனால் அந்த அறைக்குள் போக மாட்டேன். "இன்னா சின்னண்ணே, கடன்காரன் மாதிரி வாசல்லயே குந்திக்கினு கீற" என்று அவள் கேட்பாள். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவேன். இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். 'அண்ணன் கட்டிய வீடு' என்று எழுதிவிட்டு அதற்கு மேல் ஓடவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மாம்பலத்துக்கு நடந்தேன்.

தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் இருந்தார். சொன்னேன். அவள் கை நின்றது.

"பெரியண்ணனாண்ட சொன்னியா?"

"இல்ல."

"அது கேட்டுதா?"

"ரெண்டு தரம் கேட்டுது. பொய் சொன்னேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். குழந்தைகளின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தின் மறு பக்கத்தில் போட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எப்ப இடிக்கிற?" என்றாள்.

"நாளைக்கு."

"விடியக்காலம் வா. வூட்ல சாப்பிடாத. இங்க வந்து சாப்பிடு."

மறுநாள் இரண்டு ஆட்களோடு போனேன். கன்னியம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். பூச்சுக்கு மேல் பை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கணக்குப் போட்டு ஓர் இடத்தில் கோடு கிழித்தேன். தரையை ஒட்டி உளி வைத்தோம். உள்பக்கக் கல்லை எடுத்ததும் பை தெரிந்தது. உளி இறங்கவில்லை. சம்மட்டியால் அடித்தோம். உளியின் முனை மழுங்கியது. இன்னோர் உளி வைத்தோம். அதுவும் மழுங்கியது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு விரல் ஆழம்கூடப் போகவில்லை. அடுப்பங்கரையிலிருந்து தங்கை வந்தாள்.

"அங்க அடிச்சா இங்க அலமாரில குடம் அதிருதே" என்றாள்.

அடுப்பங்கரை வீட்டின் மறு கோடி. நான் நம்பவில்லை. ஆளை அடிக்கச் சொல்லிவிட்டு நானே போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் பித்தளைக் குடம் கிணுகிணு என்றது. வாசல் நிலையில் கை வைத்தேன், அங்கேயும் அதிர்ந்தது. கன்னிமூலையில் அடித்த அடி வீடு முழுவதும் போய்க்கொண்டிருந்தது. ஒரே உடம்பு என்று அண்ணன் சொன்னது இதுதான். நான் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே கீது? இதைப் போயி இடிக்கணும்ன்றீங்களே."

"இது அண்ணன் ரொப்பினது. நான் இடம் தப்பா கோடு கிழிச்சிட்டேன்" என்றேன்.

ஒன்றரை முழம் தள்ளி, மூலையை ஒட்டி மறுபடி கோடு கிழித்தேன். கல்லை எடுத்தோம். உளி தேவைப்படவில்லை. கையை விட்டேன். சுண்ணாம்பு ஈரமாக, தயிர்ச்சோறு மாதிரி, கையோடு வந்தது. இரண்டு வருஷமாகியும் இறுகவில்லை. சுண்ணாம்புக்குக் காற்று பட்டால்தான் இறுக்கம். மூடிய பைக்குள் அது இறுகாது. சுவரில் பூசினால் முகம் பார்க்கலாம், பையில் போட்டால் சேறு. நைனாவின் சுண்ணாம்பில் குற்றம் இல்லை. எதை எங்கே போடுவது என்று தெரியாத என்னிடம்தான் குற்றம். ஏரி ஈரத்தில் கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. பிடித்து ஆட்டினேன். பல் விழுகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது.

கன்னியம்மா கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கே கேட்டேன்" என்றாள்.

"ஆமா, கேட்ட" என்றேன்.

அடியிலிருந்து மேலே வரை, ஒரு நாளைக்கு முழ உயரத்துக்கு மேல் திறக்காமல், முட்டுக் கொடுத்து, கம்பியைச் சுரண்டி, பழுதான இடத்தில் பக்கக் கம்பி சேர்த்துக் கட்டி, சிமிட்டி ஊற்றிக் குத்தி, உள்கல்லை வைத்து மூடினோம். பதினாறு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறை பை நிரப்பும்போதும் தங்கை வந்து பார்த்தாள். நான்தான் பார்க்கச் சொன்னேன். கடைசி நாள் கூரைப் பட்டையோடு சேர்த்ததும், மூலையில் அடிக்கச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். "கீது, வருது" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வந்து இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணனைக் கடைசி ஒரு வருஷம் கண் இமை போலப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும், அவர் இருமிய இரவுகளில் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கும் நன்றி. அந்தப் பதினாறு நாளும் கோர்ட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுச் செங்கல் தூக்கியதற்காக அவருக்கு இன்னொரு முறையும் நன்றி. ஆற்காட்டிலிருந்து வந்து எனக்குக் கண் திறந்து வைத்த பெரியவருக்கு நன்றி. கேள்வி கேட்ட கன்னியம்மாவுக்கு நன்றி. பாடை தூக்கியவர்களுக்கும், கருமாதிக்கு வந்து நின்றவர்களுக்கும், எங்கள் சிறு வயதில் கஞ்சிக்கு அரிசி கொடுத்த இரண்டு வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சிரித்தவர்களுக்கும் ஒரு நன்றி எழுது, சபைக்கு அழகாக இருக்கும் என்று தங்கை சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் முறையில் வீடு கட்ட விரும்பும் உறவினர்கள் என்னிடம் வரலாம். கட்டிக் கொடுக்கிறேன். பை நிரப்பும் நாட்களில் மட்டும் வீட்டுக்காரர் யாராவது பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். என்னை நம்ப வேண்டாம்.

இளைய சகோதரன்,
மயிலாப்பூர்.